பானங்களில் பிஸ்பீனால் ஏ: பசுங்கரைப்பான் வழிக் கண்டறிதல்

பிஸ்பீனால் ஏ, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் போல நடித்து நாளமில்லாச் சுரப்பி மண்டலத்தைக் குழப்பும் வேதிப்பொருள். குளிர்பான டப்பாக்களின் உட்புற எப்பாக்சிப் பூச்சிலிருந்தும் பாலிகார்பனேட் கேன்களிலிருந்தும் இது பானத்தில் கசிகிறது. இதன் ஈஸ்ட்ரோஜன் தன்மையை 1936இலேயே சார்லஸ் டாட்ஸ் எலிகளில் காட்டினார். நெகிழித் தொழில் இதைப் பெருமளவில் கையிலெடுத்தது அதற்குப் பிறகுதான்!

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல், ஒரு நாளில் உட்கொள்ளத்தக்க அளவை உடல் எடையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமிலிருந்து 0.2 நானோகிராமாக, அதாவது 20,000 மடங்கு குறைத்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 12 நானோகிராம். 300 மில்லிலிட்டர் பானத்தில், லிட்டருக்கு 40 நானோகிராம் இருந்தாலே வரம்பு எட்டப்பட்டுவிடும். இத்தகைய நுண்ணளவைப் பல கருவிகள் நேரடியாக உணர்வதில்லை. சர்க்கரையும் நிறமிகளும் குறுக்கிடும். ஆகவே முதலில் அதைப் பிரித்துச் செறிவாக்க வேண்டும்.

ஈரானிய வேதியியலாளர்கள் 2006இல் வெளியிட்ட நுண்பிரித்தெடுப்பு முறையில் சில துளிக் கரைப்பானே போதும். ஆனால் அத்துளிகள் பெரும்பாலும் நச்சுத்தன்மை கொண்ட குளோரின் சேர்மங்கள். மாற்றுக்கு வழிகாட்டியவை ஆழ் யூடெக்டிக் கரைப்பான்கள். 302 பாகையில் உருகும் கோலின் குளோரைடும் 133 பாகையில் உருகும் யூரியாவும் 1:2 மோல் விகிதத்தில் கலந்தால் 12 பாகை செல்சியசிலேயே உருகுவதை, லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ அபட் குழு 2003இல் அறிவித்தது. அக்கலவை நீரில் கரைந்துவிடும். பானத்திலிருந்து தனியே பிரியாது. 2015 முதல் வெளிவந்த நீர்வெறுக்கும் வகைகளே இதற்கு உதவின. புதினா வகைச் செடிகளில் கிடைக்கும் மெந்தாலும், தேங்காயெண்ணெயிலும் உள்ள டெக்கனாயிக் அமிலமும் தனித்தனியே திண்மங்கள். சேர்த்துச் சூடாக்கினால், ஆறிய பின்னும் திரவமாகவே இருக்கும்.

வாயு நீக்கிய 10 மில்லிலிட்டர் பானத்தில் இத்திரவத்தை 100 மைக்ரோலிட்டர் விட்டுக் குலுக்கினால் நுண்துளிகளாகப் பரவும். பானங்களின் அமிலத்தன்மை இங்கே நன்மை: பிஸ்பீனால் மின்சுமை பெறாமல் துளிகளுக்குள் எளிதில் நுழைகிறது. மையவிலக்கியில் சுழற்றியதும் இலேசான கரைப்பான் மேலே மிதக்கும். பிஸ்பீனால் முழுதும் அதற்கு மாறினால் செறிவு 100 மடங்காகும். பிறகு வண்ணப்பிரிகைக் கருவி அதை அளவிடும். நெகிழிக் குழாய்களே பிஸ்பீனாலைக் கசியவிடக்கூடும் என்பதால் கண்ணாடிக் கலன்களே ஏற்றவை.

'பசுமை' என்ற பெயரை அப்படியே நம்பிவிடவும் முடியாது. கோலின் குளோரைடுடன் ஃபீனாலைச் சேர்த்த கலவையும் இவ்வகையில் அடங்கும். ஃபீனாலோ அரிக்கும் நஞ்சு. வண்ணப்பிரிகைக் கருவியும் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் பல மில்லிலிட்டர் மெத்தனால் அல்லது அசிட்டோநைட்ரைலைச் செலவழிக்கிறது. மிச்சப்படுத்திய சில துளிகளைவிட இது பன்மடங்கு. அதனால் அங்கும் எத்தனால்–நீர்க் கலவையைப் பயன்படுத்தும் முயற்சிகள் நடக்கின்றன.