மலிவு விலை மேக்கப்: தட்டில் வைக்க முன் தெரிந்து கொள்வோம்

நோன்பு இருபது கடந்து விட்டால் பான்ஸி கடைக்காரருக்குத் தூக்கம் கிடையாது. உடுப்பு வாங்கிய கையோடு அதற்குப் பொருத்தமான வளையல், ஸ்கார்ப் பின், லிப்ஸ்டிக், கியூடெக்ஸ் என்று பெண்களும் பிள்ளைகளும் வந்து குவிவார்கள். ஒரு போத்தல் கியூடெக்ஸில் கிடைக்கும் இலாபம் சிறியதுதான். ஆனால் அது ஒன்று இரண்டாகப் போகும் சாமான் அல்ல, டசின் கணக்கில் போகும் சாமான். கடை வாடகையை அந்தச் சிறிய தட்டுதான் கொடுக்கிறது என்று சொல்லும் வியாபாரிகள் எம்மில் பலர்.

அந்தத் தட்டில் இருப்பது என்னவென்று எமக்குத் தெரியுமா? எனக்கு ஒரு காலத்தில் தெரியாது. தெரியாமல் இருந்ததன் விலையை நான் கொடுக்கவில்லை, இன்னொருவர் கொடுத்தார்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தாய் தன் மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். பிள்ளைக்குக் கலியாணம் ஒரு வாரத்தில். முகத்திரையை விலக்கிக் காட்டினார். கன்னம் இரண்டும் சிவந்து, தோல் உரிந்திருந்தது. "நானா, நீங்க தந்த கிறீம்தான். வேற ஒண்டும் பூசல்ல" என்றார். சண்டை பிடிக்கவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. காசைத் திருப்பிக் கொடுத்தேன். முகத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

வெறும் டப்பாவை எடுத்துக்கொண்டு, சரக்குத் தந்த மொத்தக் கடைக்குப் போனேன். "இது எங்கட சாமான் இல்ல" என்றார்கள். என்னிடம் பில் இருக்கவில்லை. டப்பாவில் தயாரித்தவர் பெயரும் இல்லை, இறக்குமதி செய்தவர் பெயரும் இல்லை. அந்தச் சரக்குக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே பெயர் என் கடையின் பெயர்தான்.

அன்றிலிருந்து எமது கடையில் ஒரு பழக்கம் வந்தது. புதிதாக வரும் மலிவு மேக்கப் எதுவானாலும் ஒரு பெட்டி எடுக்க முன் ஒரு சாம்பிள் வீட்டுக்குப் போகும். மனைவியும் மகளும் பார்ப்பார்கள், நானும் பார்ப்பேன். அப்படிப் பார்த்ததில் கற்றுக்கொண்டவற்றைத்தான் இந்த வாரம் வியாபாரச் சகோதரர்களுடன் பகிர்ந்து கொள்கிறேன்.

மலிவு ஒரு குற்றமல்ல

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைவோம். விலை குறைந்தது எல்லாம் கெட்டது, விலை கூடியது எல்லாம் நல்லது என்பது சரியல்ல. மேக்கப் வியாபாரம் உலகில் பெருகியதே சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில்தான். நாம் நகப்பூச்சுக்கு எல்லாம் 'கியூடெக்ஸ்' என்று சொல்கிறோமே, அது ஓர் அமெரிக்கக் கொம்பனியின் பெயர். 1911 இல் நகத்தோரத் தோலை மென்மையாக்கும் மருந்துடன் ஆரம்பித்து, சில வருடங்களில் நகப்பூச்சுக்கு வந்தது. ரெவ்லோன் 1932 இல், உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்தபோது, நகப்பூச்சை மாத்திரம் வைத்து ஆரம்பிக்கப்பட்டது. பெரிய சாமான் வாங்க முடியாத காலத்திலும் சிறிய அலங்காரச் சாமான் விற்கும் என்பதற்கு அது ஒரு நல்ல உதாரணம்.

மருந்துக் கடைகளில் விற்கும் மேபிலின் என்ற மலிவு விலைப் பெயரை, லங்கோம் போன்ற உயர்விலைப் பெயர்களை வைத்திருக்கும் லொறியால் கொம்பனி 1996 இல் வாங்கியது. ஆக, மலிவுக்கும் விலை உயர்ந்ததற்கும் முதலாளி ஒருவராகவே இருக்கலாம். வித்தியாசத்தில் பெரும்பகுதி பெட்டிக்கும் விளம்பரத்துக்கும் போகிறது.

அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் அந்நாட்டுச் சந்தையில் இருந்து 400 லிப்ஸ்டிக்குகளை எடுத்து, ஈயம் எவ்வளவு இருக்கிறது என்று சோதித்தது. சராசரி பத்து இலட்சத்தில் 1.11 பங்கு. ஆகக் கூடியது 7.19 பங்கு. அந்நிறுவனம் பின்னர் கொடுத்த வழிகாட்டல் அளவு பத்து இலட்சத்தில் 10 பங்கு. சாதாரண விலை லிப்ஸ்டிக்குகளும் அந்த 400 இல் இருந்தன. அவையும் அளவுக்குள்தான் இருந்தன.

எனவே கேட்க வேண்டிய கேள்வி "விலை என்ன?" என்பதல்ல. "இதைச் செய்தது யார்? கொண்டுவந்தது யார்?" என்பதுதான்.

கியூடெக்ஸ் போத்தலுக்குள்

நகப்பூச்சில் முக்கியமாக இருப்பது நைட்ரோசெலுலோஸ் என்ற பொருள். வாகனங்களுக்கு அடிக்கும் லக்கர் பெயின்டிலும் இதுவே பயன்பட்டது. அதனைக் கரைத்து வைப்பது எதைல் அசிடேட், பியூட்டைல் அசிடேட் என்ற திரவங்கள். பூசியவுடன் திரவம் ஆவியாகிப் போகும், படை நகத்தில் நின்றுவிடும். மூக்கில் ஏறும் அந்த வாடை இந்தத் திரவத்தின் வாடைதான்.

தவிர்க்க வேண்டியவை என்று உலகம் மூன்று பொருட்களைச் சொல்கிறது: டொலுயீன், போர்மல்டிஹைட், டைபியூட்டைல் தலேட். மூன்றாவதை ஐரோப்பிய ஒன்றியம் 2004 இல் அழகுசாதனப் பொருட்களில் தடை செய்தது. பெரிய கொம்பனிகள் பல இம்மூன்றையும் கைவிட்டுவிட்டன. லேபலில் '3 ஃப்ரீ' என்று போட்டிருப்பதன் அர்த்தம் இதுதான். ஆனால் பொருட்களின் பட்டியலே இல்லாத போத்தலில் '3 ஃப்ரீ' என்று மட்டும் அச்சடித்திருந்தால் அதை நம்ப வேண்டாம்.

நான் சாம்பிளை ஒரு வெள்ளை டைல் துண்டில் பூசிப் பார்ப்பேன். மெல்லிதாக இரண்டு தடவை பூசினால் நிறம் சமமாக வரவேண்டும். சில நிமிடங்களில் விரலில் ஒட்டாத அளவுக்குக் காய வேண்டும். மறுநாள் நகத்தால் சுரண்டினால் தூளாக உதிரக் கூடாது. பிரஷ்ஷின் மயிர் கழன்று பூச்சில் ஒட்டினால் அந்தச் சாமானை வாங்கவே மாட்டேன். வாடிக்கையாளர் திரும்பி வந்து சொல்லும் முறைப்பாடு பெரும்பாலும் பிரஷ் பற்றியதுதான்.

இன்னும் இரண்டு விடயங்கள். நகப்பூச்சு இலேசில் தீப்பற்றும். நுளம்புச் சுருள், ஊதுபத்தி, சூடான பல்ப் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் பெட்டியை வைக்காதீர்கள். ஸ்டோர் அறையில் அசிடோன் போத்தல்களும் சேர்ந்திருந்தால் இரட்டைக் கவனம் வேண்டும். அடுத்தது, தடித்துப்போன பூச்சுக்குள் ரிமூவர் ஊற்றிக் கலக்கி விற்பது. இது நல்ல பழக்கமல்ல. ரிமூவர் பூச்சைக் கெடுத்துவிடும். அதற்கென்று விற்கும் தின்னர் இரண்டு மூன்று துளி போதும். அதிலும் சரிவராவிட்டால் ஒதுக்கி விடுங்கள்.

"இதப் போட்டா வுழூ கூடுமா?"

எமது கடைகளில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. சாதாரண நகப்பூச்சு நகத்தின் மேல் ஒரு படையாக நிற்கிறது. தண்ணீர் நகத்தைத் தொடாது. ஆகவே வுழூவுக்கு முன் அகற்ற வேண்டும் என்று உலமாக்கள் சொல்வதன் காரணம் விளங்கும்.

போலந்து நாட்டின் இங்க்லோட் கொம்பனி காற்றும் நீராவியும் ஊடுருவும் நகப்பூச்சு ஒன்றைக் கொண்டு வந்தது. 2012, 2013 காலப் பகுதியில் உலகெங்கும் முஸ்லிம் பெண்களிடையே அது பிரபலமாகியது. அதன் பின் பல பெயர்களில் 'ஹலால் கியூடெக்ஸ்' வந்துவிட்டது. இங்கே வியாபாரி இரண்டு வார்த்தைகளைக் குழப்பிக் கொள்ளக் கூடாது. 'ஹலால்' என்று எழுதியிருந்தால் சேர்மானங்களில் ஹராமானவை இல்லை என்பது மாத்திரமே அர்த்தமாக இருக்கலாம். தண்ணீர் ஊடுருவும் என்பது வேறு விடயம்.

வடிதாளில் பூசி, மேலே ஒரு துளி தண்ணீர் விட்டுத் தேய்த்து, கீழே ஈரம் வருகிறதா என்று சிலர் காட்டுவார்கள். நானும் செய்து பார்த்தேன். ஒரு தடவை பூசிய இடத்தில் நேரம் சென்று ஈரம் வந்தது. இரண்டு தடவை பூசிய இடத்தில் வரவில்லை. நகமோ தாளைப் போன்றதல்ல, வுழூவோ சில விநாடி வேலை. எனவே "கூடும்" என்று சொல்லி விற்க எனக்கு மனம் வரவில்லை. "ஆலிம் ஒருவரிடம் கேளுங்கள்" என்பதுதான் என் பதில். பத்வா கொடுப்பது கடைக்காரரின் வேலையல்ல. உரித்து எடுக்கக்கூடிய, தண்ணீரில் செய்த நகப்பூச்சும் சந்தையில் உண்டு. தொழுகைக்கு முன் இலகுவில் கழற்றலாம் என்பதால் அதற்கும் ஒரு கிராக்கி இருக்கிறது.

மருதோன்றி படையாக நிற்காது, நிறம் மட்டுமே பிடிக்கும். ஆனால் பெருநாள் காலத்தில் வரும் 'கறுப்பு மருதோன்றி' கோன்களில் கவனமாக இருங்கள். உண்மையான மருதோன்றி கறுப்பாகப் பிடிக்காது. சிவப்பாக, அல்லது மண்ணிறமாகத்தான் பிடிக்கும். உடனடிக் கறுப்பு வருவதற்காகத் தலைமயிர்ச் சாயத்தில் உள்ள பிபிடி என்ற இரசாயனத்தைக் கலக்கிறார்கள். பிள்ளைகளின் கையில் கொப்புளமும் தழும்பும் வருவது அதனால்தான்.

லிப்ஸ்டிக்

லிப்ஸ்டிக் என்பது மெழுகு, எண்ணெய், நிறம் ஆகிய மூன்றும் சேர்ந்தது. எண்ணெயில் பெரும்பாலும் ஆமணக்கெண்ணெய் இருக்கும். வெயில் படும் ஷோகேஸில் வைத்தால் எண்ணெய் வியர்வை போல மேலே வரும். அது போலிச் சரக்கு என்பதற்கு அடையாளமல்ல, நாம் வைத்த இடம் பிழை. ஆனால் பழைய எண்ணெய் வாடை அடித்தால் சரக்குப் பழுதாகிவிட்டது.

பட்டியலில் 'சிஐ 75470' என்ற இலக்கம் இருந்தால் அது கார்மின். ஒரு வகைப் பூச்சியில் இருந்து எடுக்கும் சிவப்பு நிறம். இதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கேட்பவருக்கு உண்மையைச் சொல்லிவிடுங்கள், முடிவு அவருடையது.

திறந்த டப்பா போன்ற சிறிய படத்துக்குள் '6 எம்', '12 எம்' என்று இருக்கும். திறந்த பின் எத்தனை மாதம் பாவிக்கலாம் என்பது அதன் கருத்து. எல்லோரும் உதட்டில் போட்டுப் பார்க்கும் ஒரே டெஸ்டரைக் கடையில் வைக்காதீர்கள். ஒருவரின் நோய் மற்றவருக்குத் தொற்றும். புறங்கையில் பஞ்சுக் குச்சியால் பூசிக் காட்டுங்கள், குச்சியை எறிந்து விடுங்கள்.

வெள்ளையாக்கும் கிறீம்

இந்தத் தட்டில் உண்மையான ஆபத்து இதுதான். கிழமைக்குள் முகம் வெளுக்கிறது என்றால் உள்ளே இருப்பது பாதரசமாகவோ, கடும் ஸ்டீரொய்ட் மருந்தாகவோ, ஹைட்ரோகுயினோனாகவோ இருக்கக்கூடும். பாதரசம் தோலில் நிறம் உற்பத்தியாவதைத் தடுக்கிறது. தோல் வழியாக உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைப் பாதிக்கிறது. பூசுபவர் மட்டுமல்ல, அதே வீட்டில் இருக்கும் குழந்தையும் பாதிக்கப்படலாம். ஸ்டீரொய்ட் தோலை மெல்லியதாக்குகிறது. நிறுத்தியதும் சிவந்து, பரு போட்டு, முன்னிருந்ததை விட மோசமாகிறது. நான் விற்ற டப்பாவிலும் அதுதான் இருந்திருக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளையைப் பார்த்த தோல் வைத்தியர் சொன்னாராம்.

பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை 2013 இல் உருவாகி 2017 இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதில் இணைந்த நாடு. பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனப் பொருட்களை 2020 உடன் நிறுத்த வேண்டும் என்று அது விதித்தது. 2023 இல் கூடிய மாநாடு அந்த ஒரு பங்கு எல்லையையும் நீக்கி, பாதரசம் சேர்த்த எல்லா அழகுசாதனங்களுக்கும் 2025 ஐ முடிவாக வைத்தது.

கலமெல், மெர்கியூரஸ், மெர்கியூரிக், மெர்கியூரியோ என்ற சொற்கள் லேபலில் இருந்தால் அவை பாதரசம். தங்கம், வெள்ளி, அலுமினியத்தில் படவிடாதீர்கள் என்று எழுதியிருந்தாலும் சந்தேகப்படுங்கள். எதுவுமே எழுதாவிட்டால் அதைவிடச் சந்தேகப்படுங்கள்.

பில் இல்லாத சரக்கு

2022 ஆகஸ்டில் டொலர் நெருக்கடியின்போது அரசு மேக்கப் உட்படப் பல பொருட்களின் இறக்குமதியைத் தற்காலிகமாக நிறுத்தியது. 2023 இல் கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்தன. அந்த இடைவெளியில் பயணப் பைகளில் வந்த பெயரில்லாச் சரக்கை வாங்கிப் பழகியவர்கள் பலர். பழக்கம் இலேசில் போகாது.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தி விற்பது அச்சட்டப்படி குற்றம். சோதனைக்கு வரும் அதிகாரி முதலில் பிடிப்பது தட்டில் வைத்திருப்பவரைத்தான். தயாரிப்பாளர் பெயர், இறக்குமதியாளர் பெயர் முகவரி, தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, ஆகக்கூடிய சில்லறை விலை ஆகிய ஐந்தையும் பாருங்கள். பில் வாங்குங்கள். பில் தர மறுப்பவர், பிரச்சினை வரும் நாளில் தன் சரக்கையும் மறுப்பார்.

நான் வெள்ளையாக்கும் கிறீம் விற்பதை நிறுத்தி விட்டேன். கேட்டு வருபவர்கள் பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள், இலாபம் குறைந்ததும் உண்மை. ஆனால் நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் இருந்த ஈரத்தை வெளியே எடுத்துக் காட்டிய சம்பவம் நாம் ஜும்ஆவில் பல தடவை கேட்டது. அந்த வியாபாரிக்குத் தன் குவியலின் அடியில் ஈரம் இருப்பது தெரிந்திருந்தது. நாமோ, எமது குவியலின் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலேயே விற்றுக் கொண்டிருக்கிறோம்.

அந்தப் பிள்ளையின் கலியாணம் குறித்த நாளில் நடந்தது. தாய் எனக்கும் அழைப்பு வைத்தார். நான் போகவில்லை. மணமகளின் முகத்தைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான் காரணம். இந்தப் பெருநாளுக்குச் சரக்கு எடுக்கப் போகும் சகோதரர்கள், பெட்டியை ஏற்ற முன் ஒரு டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசித்துப் பாருங்கள். ஒரு நிமிட வேலைதான்.