கேபினுக்குள் கேட்கும் அறிவியல்

கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுகிறவனுக்குப் புத்தகம் தோதுப்படாது. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக கேட்டை நோக்கி வண்டி ஊர்ந்துகொண்டே இருக்கும். கண்ணை எடுக்க முடியாது. அதனால் போனில் அறிவியல் பாட்காஸ்ட் போட்டுவிடுகிறேன்.

காதால் அறிவியல் படிப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1990களில் மனித இனம் உருவான கதையை அகில இந்திய வானொலி 144 பகுதிகளாக, 18 மொழிகளில் ஒலிபரப்பியது. பாம்பனில் 2016 முதல் இயங்கும் ‘கடல் ஓசை’ வானொலி மீனவர்களுக்கென்றே நடக்கிறது.

கேட்டது கண்முன்னே நடந்தால்தான் மனதில் தங்கும். கடற்காற்று பற்றி ஒரு நிகழ்ச்சி கேட்டேன். வெயிலில் கடலைவிடத் தரை சீக்கிரம் சூடாகிறது. தரைமேல் உள்ள காற்று லேசாகி மேலே போக, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. ராத்திரி தரை முந்திக்கொண்டு ஆறும். காற்றும் திசை மாறும். திருவொற்றியூரில் வண்டியை ஓரங்கட்டினால் இது புரியும். மத்தியானம் ஜன்னலில் உப்புக்காற்று அடிக்கும். விடியற்காலையில் மேற்கே மணலிப் பக்கத்து கேஸ் வாடை மூக்கில் ஏறும்.

கிளீனர் தம்பியிடம் சொன்னேன். “அப்போ காசிமேட்டுல அந்தக் காலத்துல விடியுமுன்னே பாய் விரிச்சது இதுக்குத்தானாண்ணே?” என்றான். அதேதான். கரைக்காற்றில் போய், கடற்காற்றில் திரும்பினார்கள்.

கொசஸ்தலை ஆறு, எண்ணூர் கழிமுகம், 2023 டிசம்பர் வெள்ளத்தில் கலந்த எண்ணெய், இவற்றின் அறிவியலையும் எங்கள் பேச்சிலேயே கேட்க ஆசை. ராயபுரம், தண்டையார்பேட்டை கல்லூரிப் பிள்ளைகளே, போனில் பதிவுசெய்து போடுங்கள். கேட்க நாங்கள் இருக்கிறோம்.