பாயசம் விடட்டா?

போன ஆவணியில் நாகர்கோவிலில் ஒரு கல்யாணம். இரண்டாம் பந்தியில் இடம் கிடைத்தது. பருப்பும் நெய்யும் போய், சாம்பார் போய், புளிசேரியும் முடிந்த பிறகு அடைப்பிரதமன் வாளி வரிசைக்குள் வந்தது. நான் இலைக்கு மேல் கையை விரித்துக் காட்டினேன். விளம்ப வந்த பையன் புரிந்துகொண்டு நகரத்தான் பார்த்தான். வலப்பக்கம் இருந்த அத்தான் அவன் கையைப் பிடித்துவிட்டார்.

“விடுடே, கொஞ்சம்போல விடு. கல்யாண வீட்டுல வந்து இனிப்பு வேண்டாம்னா என்னவாக்கும் அர்த்தம்?”

“சுகர் இருக்கு அத்தான்.”

“யாருக்குதான் இல்ல? எனக்கு இருநூத்தி அம்பது. ராத்திரி ஒரு மாத்திரை கூடப் போட்டா தீந்துது.”

எதிர்வரிசையில் இருந்து ஒரு மைனி எனக்காகப் பரிந்து பேச வந்தார். “வேண்டாம்னா விடுங்களேன், பாவம். கன்னம் எப்பிடி ஒட்டிப்போச்சு பாருங்க. தம்பி, பாவக்காய் அரைச்சு வெறும் வயித்துல குடிச்சுப் பாத்தியளா?” பாவக்காயால் பிரயோஜனம் இல்லை, சிறுகுறிஞ்சான்தான் என்றார் அவருக்கு அடுத்தவர். இங்கிலீஷ் மருந்து கிட்னியைத் தின்றுவிடும் என்றது பின்வரிசை. மோர் வருவதற்குள் என் கணையம் ஆறு பேர் கை மாறிவிட்டது. என் வைத்தியர் யார், என்ன மருந்து, கடைசியாக எப்போது ரத்தம் பார்த்தேன் என்று அந்த ஆறு பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

நான் தப்பித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதே பந்தியில் கல்யாணமாகி ஒன்றரை வருஷமான ஒரு ஜோடி இருந்தது. “விசேஷம் ஒண்ணும் இல்லியா பிள்ளே?” என்று ஒரு சித்தி கேட்டார். எங்கள் ஊரில் கல்யாணமான பெண்ணிடம் கேட்கும்போது விசேஷம் என்ற சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான். அந்தப் பெண் சிரித்தாள். மாப்பிள்ளை இஞ்சிப்பச்சடியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளை இப்போது வேண்டாம் என்று இருவரும் பேசி வைத்திருக்கலாம். ஆஸ்பத்திரிக்கு அலைந்துகொண்டிருக்கலாம். போன மாதம்தான் ஒன்று கலைந்திருக்கலாம். சித்திக்கு அது தெரியாது, எனக்கும் தெரியாது.

இதையெல்லாம் கண்டு நான் ஆச்சரியப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. அடுத்தவர் உடம்பில் ஊர் கை வைத்தால் என்ன ஆகும் என்பதைக் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களைப் போல அனுபவித்தவர்கள் குறைவு.

இந்தப் பகுதி திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே நாடார்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, பொன் நகை அணியக் கூடாது, மாடி வைத்து வீடு கட்டக் கூடாது. பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது, மார்பை மறைக்கக் கூடாது. லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மாற்றீர் இந்தத் தடைகளை வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். எனக்கு இதில் குடம்தான் அதிகம் உறுத்தும். குடம் தலையில் இருந்தாலும் இடுப்பில் இருந்தாலும் தண்ணீர் ஒன்றுதான். சுமக்கிறவளுக்கு எது வசதி என்பது அவள் எலும்புக்குத் தெரியும். அதையும் வேறு யாரோ தீர்மானித்தார்கள்.

1822இல் கல்குளம் பக்கம் தோள்சீலைக் கலகம் கிளம்பியது. கிறிஸ்தவர்களான பெண்கள் குப்பாயம் என்ற சட்டையைப் போட்டுக்கொள்ளலாம் என்று ஆங்கிலேய ரெசிடென்ட் மன்றோ முன்பே ஆணை வாங்கிக் கொடுத்திருந்தார். ஆனாலும் மேல்சாதிக்காரர்கள் சந்தைக்குப் போன பெண்களின் சீலையைப் பிடித்துக் கிழித்தார்கள். 1829இல் வந்த அரச ஆணை குப்பாயத்தை அனுமதித்து மேல்சீலையைத் தடுத்தது. மறுபடி அடிதடி, தீவைப்பு. 1858, 59இல் நிலைமை கைமீறிய பிறகு, சென்னை கவர்னர் டிரவெலியன் கொடுத்த நெருக்குதலில், 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா பெயரில் பிரகடனம் வந்தது. வாசித்துப் பார்த்தால் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வரும். கிறிஸ்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் போடலாம், மீனவப் பெண்களான முக்குவத்திகளைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், வேறு எந்த விதமாகவும் மறைக்கலாம். மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி மட்டும் கூடாது! முப்பத்தேழு வருஷம் அடிபட்டு வாங்கிய அனுமதியிலும் கடைசியில் ஒரு கொக்கி.

பெண்களின் தோளுக்காக இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, சாமிதோப்பில் அய்யா வைகுண்டர் (1809–1851) ஆண்களின் தலையைக் கவனித்தார். கும்பிட வருகிறவர்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். மேல்சாதிக்காரர் முன்னால் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டியவர்களிடம் இதைச் சொன்னார். அப்போதிருந்த மகாராஜா அவரைத் திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்புச் சிறையில் வைத்தார். இன்றும் சாமிதோப்புப் பதிக்குப் போனால் ஆண்கள் சட்டையைக் கழற்றி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள். உள்ளே கண்ணாடி இருக்கிறது, அதில் தெரிவது அவரவர் முகம்தான்.

அய்யாவின் சீடர்கள் கடற்கரையில் துவையல் பந்தி என்று ஒரு தவ வாழ்க்கை நடத்தினார்கள். ஒரு நாளைக்கு மூன்று வேளை குளித்து, துணி துவைத்து, ஒரு வேளை பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்துச் சமைத்துச் சாப்பிட்டார்கள். குடும்பம் குடும்பமாகப் போய் இருந்தார்கள். இன்றைக்குப் பேலியோ, வீகன், இடைவிட்ட விரதம் என்று யாராவது ஆரம்பித்தால் “இது என்ன புதுக் கோட்டி?” என்று கேட்கிறோமே, அன்றைக்கு அவர்களைப் பார்த்தும் ஊர் அப்படிக் கேட்டிருக்காமலா இருக்கும்?

தோள்சீலைப் போராட்டத்தின் 200ஆவது ஆண்டை 2023 மார்ச் 6 அன்று நாகர்கோவிலில் கொண்டாடினார்கள். தமிழக, கேரள முதல்வர்கள் இருவரும் ஒரே மேடையில் இருந்தார்கள். நல்ல விஷயம். ஆனால் மேடையில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற சரித்திரம் பந்தியில் உட்கார்ந்ததும் மறந்துபோகிறது. ‘ஷால் போடாம எங்க கெளம்பிட்டா?’ என்ற கேள்வி இப்போதும் எங்கள் தெருவில் கேட்கிறது. கேட்பவர்களில் அந்தத் தோள்சீலைக்காரிகளின் பேத்திகளும் இருக்கிறார்கள்.

சரி, உடை வேறு, உடம்புக்கு நல்லது சொல்வது வேறு அல்லவா என்று கேட்கலாம். அதற்கும் இந்த மாவட்டத்திலேயே ஒரு கதை இருக்கிறது.

நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி 1838இல் தொடங்கியது. அங்கே கத்தி பிடித்தவர்களில் பேர் போனவர் ஹோவர்ட் சோமர்வெல். 1922இல் எவரெஸ்ட் ஏற வந்த குழுவில் இருந்தவர். மலையிலிருந்து இறங்கி, இந்தியாவைச் சுற்றிப் பார்க்கிறேன் என்று நெய்யூர் வரை வந்தார். அங்கே காத்துக்கிடந்த நோயாளிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு லண்டன் வேலையை வேண்டாம் என்று தங்கிவிட்டார். (‘மூளை பிசகிப்போச்சா?’ என்று அவர் வீட்டு விசேஷங்களிலும் பேசியிருப்பார்கள் என்று எனக்கு ஒரு ஊகம்.) அவரிடம் வந்தவர்களில் ஏராளமானோருக்குக் குடல்புண். வயிற்று அறுவையில் அவர் பெயர் வாங்கியதே அதனால்தான். 1948இல் புத்தகமும் எழுதினார்.

இவ்வளவு பேருக்குக் குடல்புண் ஏன்? விரல் மரச்சீனிக்கிழங்கை நோக்கி நீண்டது. விசாகம் திருநாள் மகாராஜா ஊர் முழுக்கப் பரப்பிய கிழங்கு அது. அரிசி வாங்க வழியில்லாத வீடுகளில் அதுவும் காரச் சம்மந்தியும்தான் சாப்பாடு. குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற ஆராய்ச்சியாளர் எலிகளுக்குத் திருவிதாங்கூர் ஏழைகளின் சாப்பாட்டைக் கொடுத்துப் பார்த்தபோது, அவற்றுக்கும் வயிற்றில் புண் வந்தது. அப்புறம் என்ன, தீர்ப்பு எழுதியாகிவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்ட ஒவ்வொருவனிடமும் “காரத்தைக் கொறைலேன்னா கேட்டியா?” என்றார்கள். இரண்டு தலைமுறை இது நடந்தது. 1982இல் ஆஸ்திரேலியாவில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் வயிற்றுப்புண் வந்தவர்களிடம் ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். யாரும் நம்பவில்லை. மார்ஷல் அதை வளர்த்து, தானே எடுத்துக் குடித்து, வயிற்றைக் கெடுத்துக்கொண்டு காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற அந்தக் கிருமிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் பெரும்பாலான புண்கள் ஆறிவிடும் என்று இன்று எந்த டாக்டரும் சொல்வார். சாப்பாட்டுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, மெக்காரிசனின் எலிகள் பொய் சொல்லவில்லை. ஆனால் வேறு சாப்பாட்டுக்கு வழியில்லாமல் கிழங்கு தின்றவனைப் பார்த்து ‘நீ தின்னதுக்கு அனுபவிக்கிறாய்’ என்று சொன்ன அத்தனை வாய்களும் இப்போது எங்கே போய் மன்னிப்புக் கேட்கும்?

தேங்காய் எண்ணெய் கதை இன்னும் முடியவே இல்லை. அதில் சுமார் 90 சதவீதம் நிறைகொழுப்பு. அதனால் இதய டாக்டர்கள் எங்கள் சமையலறைகளில் புகுந்து சூரியகாந்தி எண்ணெயைக் கொண்டுவந்து வைத்தார்கள். கொஞ்ச காலம் கழித்து அதே தேங்காய் எண்ணெய் உடம்பு இளைக்கும் அமிர்தமாக வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தது. 2017இல் அமெரிக்க இதய சங்கம் வேண்டாம் என்றது. 2018இல் ஹார்வர்டு பேராசிரியர் கரின் மிக்கேல்ஸ் ஜெர்மனியில் பேசும்போது விஷம் என்றே சொல்லிவிட, இந்தியத் தோட்டக்கலை ஆணையர் எதிர்ப்புக் கடிதம் எழுதினார். இதற்குள் எங்கள் பாட்டி எதையும் மாற்றாமல் அவியலில் கடைசியாகப் பச்சை எண்ணெயைச் சுற்றி ஊற்றிக்கொண்டே இருந்தார். அவர் ஜெயித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். கொலஸ்ட்ரால் யாரிடமும் பாட்டி என்று பார்ப்பதில்லை. விஞ்ஞானிகளே இன்னும் ஒரு முடிவுக்கு வராத இடத்தில் பின்வரிசைக்காரர்களுக்கு எங்கிருந்து அவ்வளவு நிச்சயம் வருகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

வைத்தியமும் இங்கே ஒரு வழியில் போவதில்லை. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி ஒருபக்கம், கோட்டாறில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி ஒருபக்கம், 108 வர்மங்களையும் விரலில் வைத்திருக்கும் ஆசான்மார் இன்னொரு பக்கம். ஒரே வீட்டில் அண்ணன் எக்ஸ்ரே எடுத்து மாவுக்கட்டுப் போடுவான், தம்பி ஆசானிடம் எண்ணெய் போட்டுக் கட்டுவான். ஒருவர் கட்டை மற்றவர் அவிழ்க்கச் சொல்லாத வரைக்கும் வீடு அமைதியாக இருக்கும்.

அவரவர் உடம்பு அவரவர் இஷ்டம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டவும் முடியாது. குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடிப்பவன் அது என் வாழ்க்கை முறை என்று சொன்னால் ஊர் கேட்டே ஆக வேண்டும். பெரியம்மை காலத்தில் திருவிதாங்கூர் அரசு அம்மைகுத்தலைக் கொண்டுவந்தது. 1879இல் அரசு ஊழியர், கைதிகள், மாணவர்கள் எல்லோருக்கும் கட்டாயமாக்கியது. ஒருவர் உடம்பில் இருந்து அடுத்தவர் உடம்புக்குத் தொற்றுகிற இடத்தில் கணக்கு மாறுகிறது. 2022 மே மாதம் கொரோனா தடுப்பூசி வழக்கில் உச்ச நீதிமன்றமும் இந்த இரண்டையும் சேர்த்தே சொன்னது. யாரையும் பிடித்து ஊசி போடக் கூடாது, ஆனால் பொதுநலனுக்காக நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம். 2017 ஆகஸ்ட் 24 அந்தரங்க உரிமைத் தீர்ப்பில் நீதிபதி செலமேஸ்வர், என்ன தின்ன வேண்டும், எப்படி உடுத்த வேண்டும் என்று அரசாங்கம் சொல்வதை யாரும் விரும்ப மாட்டார்கள் என்று எழுதினார். அரசாங்கத்துக்கு எதிராக நமக்கு இந்தக் காவல் இருக்கிறது. அத்தானுக்கு எதிராக எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

அத்தானை வில்லனாக்கவும் எனக்கு மனம் வரவில்லை. எங்கள் தெருவில் தனியாக இருந்த ஒரு ஆச்சியின் வாசலில் தினமும் காலையில் பக்கத்து வீட்டுக்காரி “காப்பி குடிச்சியளா?” என்று கேட்பாள். ஒருநாள் பதில் வரவில்லை. கதவை உடைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனதால் ஆச்சி பிழைத்தார். இப்படிக் கேட்கிறவர்கள் இல்லாத ஊரில் எனக்கும் இருக்கப் பயம்தான். காப்பிக்காரி கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றாள். பந்திக்காரர்கள் பதிலைக் கையில் கொண்டுவந்துவிட்டுத்தான் கேள்வியை ஆரம்பிக்கிறார்கள்.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு சொன்னது. கேரளத்தில் நான்கு பேரில் ஒருவருக்கு. அவர்களோடு ஒரே கிழங்கும் ஒரே தேங்காயும் தின்று வளர்ந்த எங்கள் கதையும் பெரிதாக வேறுபடாது. ஒரு பந்தியில் நூறு பேர் என்றால் எத்தனை இலைகளுக்கு மேல் எத்தனை கைகள் விரியும், அத்தனை கைகளையும் எத்தனை அத்தான்கள் பிடிப்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தை மாதம் இன்னொரு கல்யாணம். இந்தத் தடவை எனக்குப் பக்கத்தில் பெரியப்பா. எழுபத்தெட்டு வயது, இருபது வருஷ சர்க்கரை. விளம்புகிற பையன் என்னிடம் “பாயசம் விடட்டா?” என்றான். கையை விரித்தேன், நகர்ந்தான். பெரியப்பா இரண்டு கரண்டி விடச் சொன்னார். ஒரு பப்படத்தைப் பொடித்துப் போட்டு, மட்டிப்பழத்தை உரித்து அதில் பிசைந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“பெரியப்பா, சுகர் பாத்தியளா?”

அவர் பதில் சொல்லவில்லை. நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, இலையை மடித்து, கை கழுவுகிற இடத்துக்கு வந்த பிறகுதான் திரும்பினார்.

“நீ பாயசம் விட்டுக்கிட்டியா?”

“இல்ல பெரியப்பா, வேண்டாம்னுட்டேன்.”

“நான் ஏதாவது கேட்டேனா?”

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வெற்றிலைத் தட்டைப் பார்த்துப் போய்விட்டார்.