கொசுவும் பங்குனி ஆமையும்

சூழல் மாறும்போது உயிரினம் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். இதனைத் தகவமைப்பு என்பர். தகவு என்பது தகுதி, சொல் நன்று. ஆயின், தனியோர் உயிர் முயன்று தன் பிறவி இயல்பை மாற்றிக்கொள்கிறது என்று பலரும் கருதிவிடுகின்றனர். அவ்வாறன்று. பிறப்பிலேயே சற்று வேறுபட்ட சில, புதிய சூழலில் பிழைத்து, அவற்றின் வழித்தோன்றல்கள் பெருகுவதே தகவமைப்பு. எனவே அதற்குத் தலைமுறைகள் வேண்டும். ஒரு தலைமுறைக்கு எத்தனை நாள் என்பதே பெரிய வினா. சென்னையிலேயே இதற்கு இரண்டு சான்றுகள் உள.

முதலாவது, மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபென்சி என்னும் கொசு. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் வீடுதோறும் கிணறு இருந்த நாளில் கிணற்றில் முட்டையிட்டது. கிணறுகள் தூர்ந்து அடுக்குமாடிகள் எழுந்தபின், மூடி சரியில்லாத மேல்நிலைத் தொட்டிகள் அதற்குப் போதுமாயின. முட்டை கொசுவாக ஏறத்தாழப் பத்து நாளே ஆகும். டி.டி.டி. மருந்து தெளிக்கப்பட்டபோது கொசுக்களுள் பெரும்பாலானவை மடிந்தன. மருந்தைத் தாங்கும் ஆற்றல் இயல்பாகவே வாய்த்த சில எஞ்சின. அவற்றின் மரபே பெருகியது. இந்த ஸ்டீபென்சி 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியிலும் 2016இல் எத்தியோப்பியாவிலும் கண்டறியப்பட்டது.

இரண்டாவது, பெசன்ட் நகர் எல்லியட்ஸ் கடற்கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமை. கடலாமை மணலில் முட்டை புதைப்பதை அகநானூற்றின் 160ஆம் பாடல் நுட்பமாகக் காட்டுகிறது. ஆண் ஆமை முட்டைகளைக் காப்பதாக அப்பாடல் கூறுவது மட்டும் இயற்கையில் காணப்படுவதன்று. ஆண் கரையேறுவதே அரிது. அதனைப் புலவரின் அன்புள்ளம் எனக் கொள்வோம்.

தை முதல் பங்குனி வரை பெண் ஆமை இரவில் கரையேறி நூறு முட்டையளவில் இட்டுச் செல்லும். ஒன்றரை மாதத்திற்குப்பின் குஞ்சுகள் இரவில் வெளிவரும். இருண்ட கரையினும் கடல்மேல் வானம் ஒளி மிக்கது. ‘ஒளி உள்ள பக்கம் செல்’ என்பதே அவை பிறப்பில் பெற்ற கட்டளை. நெடுங்காலம் அது பிழைத்ததில்லை. இன்றோ சாலை விளக்குகள் கடலைவிட ஒளிர்கின்றன. குஞ்சுகள் நகரை நோக்கி ஊர்ந்து மாள்கின்றன. இவ்வியல்பு மாறத் தலைமுறைகள் பல வேண்டும். ஆமை பருவமெய்தவே பத்தாண்டுக்கு மேலாகும். கொசுவுக்கோ அதற்குள் நூற்றுக்கணக்கான தலைமுறைகள் கழிந்துவிடும்!

ஆகவே ஆமைக்காக மனிதர் நடக்கின்றனர். 1988இல் தொடங்கிய மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் பருவந்தோறும் இரவில் கரையோரம் நடந்து, முட்டைகளை எடுத்து வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர்.

தாய் ஆமைகளின் நிலையோ வேறு. ஆமைக்கு நுரையீரலே உண்டு. மூச்சுவிட நீர்மட்டத்திற்கு வந்தாக வேண்டும். இழுவலையில் சிக்கினால் மூச்சடைத்து இறக்கும். 2025 சனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கின. விசைப்படகுகளுக்குத் தமிழகக் கிழக்குக் கரையில் 61 நாள் தடை உண்டு. அது ஏப்ரல் 15 அன்று தொடங்குகிறது. ஆமைகளுள் பெரும்பாலானவை அதற்குள் முட்டையிட்டு முடித்திருக்கும்.