கன்றை இப்பவே விற்கலாமா, இன்னும் வளர்க்கலாமா? அமெரிக்க விவசாயிகளைக் குழப்பும் கணக்கு

அமெரிக்காவில் டெக்சாஸ், நெப்ராஸ்கா போன்ற மாநிலங்களில் இறைச்சிக்காகக் கன்று வளர்க்கும் பல குடும்பங்களுக்கு வருமானம் வருடத்துக்கு ஒரு முறைதான். வசந்த காலத்தில் பிறந்த கன்றுகளை அக்டோபர், நவம்பரில் தாயிடமிருந்து பிரித்து ஏலச் சந்தைக்குக் கொண்டு போவார்கள். அப்போது ஒரு கன்று சுமார் 500 பவுண்டு, அதாவது 225 கிலோவுக்கு மேல் இருக்கும்.

எல்லோரும் ஒரே நேரத்தில் கொண்டு வருவதால் விலை கொஞ்சம் இறங்கும். 'இன்னும் மூணு மாசம் தீவனம் போட்டா நல்ல காசு பார்க்கலாமே' என்ற ஆசை அங்கேதான் வருகிறது.

எடை கூடினால் லாபம்தானே?

அப்படித்தான் தோன்றும். ஆனால் கன்று கனமாக ஆக, பவுண்டுக்கான விலை குறையும். காரணம், வாங்கும் ஃபீட்லாட்காரர் மக்காச்சோளம் போட்டுத் தானே எடை ஏற்றிக்கொள்ளலாம் என்று சின்னக் கன்றுக்கு அதிக விலை கொடுப்பார்.

ஒரு உதாரணக் கணக்கு பார்ப்போம். 500 பவுண்டு கன்று, பவுண்டுக்கு 4 டாலர். இன்று விற்றால் 2,000 டாலர். 100 நாள் வளர்த்து 700 பவுண்டு ஆக்கினால், விலை 3.50 டாலர். மொத்தம் 2,450. கூடுதலாக வந்தது 450 டாலர்.

அதாவது, ஏறிய 200 பவுண்டில் ஒவ்வொன்றுக்கும் கிடைத்தது 2.25 டாலர்தான், 3.50 இல்லை. பலரும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

செலவு எவ்வளவு?

ஒரு பவுண்டு ஏற்றத் தீவனம், மருந்து, ஆள் கூலி எல்லாம் சேர்த்து 1.50 டாலர் என்று வைத்துக்கொண்டால் 300 போச்சு. மீதி 150. இன்று விற்காததால் முடங்கிக் கிடக்கும் 2,000 டாலருக்கு 8% வட்டி போட்டால் 44 டாலர். நூறில் ஒரு கன்று செத்தால், தலைக்கு 24 டாலர் நஷ்டம். கடைசியில் கையில் நிற்பது 82 டாலர்.

இப்போது விலை 3.50-க்குப் பதில் 3.38 ஆனால்? வெறும் 12 சென்ட்தான். மூன்று மாத உழைப்பு மொத்தமும் காலி.

சமீபத்தில் என்ன நடந்தது?

பல வருட வறட்சியில் விவசாயிகள் தாய்ப்பசுக்களையே விற்றுத் தள்ளியதால், 2025 ஜனவரி 1 கணக்குப்படி அமெரிக்காவில் மாடுகளின் எண்ணிக்கை 8.67 கோடி. அப்போதைய நிலவரப்படி 1951-க்குப் பிறகு அதுதான் குறைவு. திருகுப்புழு நோய் பயத்தில் மெக்சிகோ மாடுகளுக்கும் எல்லை மூடப்பட்டது. விலை எகிறியது. காத்திருந்தவர்கள் நன்றாகவே சம்பாதித்தார்கள்.

ஆனால் 2025 அக்டோபரில், அர்ஜென்டினாவிலிருந்து மாட்டிறைச்சி வாங்கலாம் என்று டிரம்ப் பேசியதும் மாடுகளின் முன்பேர விலை சட்டென்று சரிந்தது. கொட்டகையில் கன்று அதேதான், மதிப்பு மட்டும் இறங்கிவிட்டது!

அப்போ வழி?

புல்லும் வைக்கோலும் தீர்ந்துபோன பண்ணைக்கு யோசிக்கவே இடமில்லை, விற்றாக வேண்டும். தீவனம் சொந்தமாக விளைவிப்பவர் துணிந்து வைத்திருக்கலாம். சிலர் பாதியை விற்றுக் கடனை அடைத்துவிட்டு, மீதியை வளர்க்கிறார்கள். இன்னும் சிலர் 'எல்ஆர்பி' என்ற அரசு மானியக் காப்பீடு எடுக்கிறார்கள். சந்தை விலை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அந்த வித்தியாசம் கிடைக்கும். கன்று செத்தால் இதில் பணம் வராது.