விலையே பெயரான கருவி: ஆகாஷ் கைக்கணினி வெளியீடும் பொது எதிர்வினையும்

ஆய்வுச்சுருக்கம்

இந்திய அரசின் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2011 அக்டோபர் 5 அன்று வெளியிட்ட ஆகாஷ் கைக்கணினிக்கு எழுந்த பொது எதிர்வினையை இக்கட்டுரை ஆராய்கிறது. அக்கருவிக்குக் கிடைத்த வரவேற்பும் ஏளனமும் எதிரெதிராக நின்றபோதிலும் அவ்விரண்டும் கருவியைவிட அதன் விலையையே பொருளாகக் கொண்டிருந்தன என்பதும், அதனால் கருவியைக் கொண்டு கற்க வேண்டிய மாணவரின் தேவை விவாதத்தின் ஓரத்திற்குத் தள்ளப்பட்டது என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: ஆகாஷ், கைக்கணினி, விலை, பொதுக்கருத்து, கல்வித் தொழில்நுட்பம், விலையில்லா மடிக்கணினி

முன்னுரை

புதிய கருவி ஒன்று வெளியாகும்போது எழும் பேச்சு அக்கருவியைப் பற்றியதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. 2010 ஜனவரி 27 அன்று ஆப்பிள் நிறுவனம் ஐபேடை அறிமுகப்படுத்தியபோது அதன் பெயரே நகைப்புக்கு உள்ளானது. அது அளவில் பெரிதாக்கப்பட்ட ஐபாட் டச் என்றனர் சிலர். கேமரா இல்லை, ஃபிளாஷ் இயங்காது என்று குறைகூறினர் வேறு சிலர். அவர்களுள் பெரும்பாலோர் அதனைத் தொட்டும் பார்த்திருக்கவில்லை. விற்பனையே ஏப்ரல் 3 அன்றுதான் தொடங்கியது. அந்த முதல் நாளிலேயே 3 லட்சத்திற்கும் மேற்பட்ட ஐபேடுகள் விற்றன. ஏளனம் முன்னே வந்தது. ஏற்பு பின்னே வந்தது.

இருபது மாதங்களுக்குப் பின் இந்தியாவில் வெளியான ஆகாஷ் கைக்கணினியின் வரலாறு இதற்கு நேர்மாறானது. அதற்கு ஆரவாரமான வரவேற்பு முதலில் கிடைத்தது. கருவி கைக்கு வந்த பின்னரே ஏமாற்றம் தலைகாட்டியது. இவ்விரு வெளியீடுகளுக்கும் இடையிலான வேறுபாட்டைக் கருவிகளின் தரத்தைக் கொண்டு மட்டும் விளக்கிவிட இயலாது. ஆகாஷைப் பொறுத்தவரை, மக்கள் எதற்கு எதிர்வினை புரிந்தனர் என்ற கேள்வியே முதன்மையானது.

டேப்லெட் என்னும் இக்கருவிக்குத் தமிழில் கைக்கணினி, பலகைக்கணினி எனச் சொற்கள் வழங்குகின்றன. இக்கட்டுரை முன்னதையே ஆளுகிறது. ஆகாஷின் வணிக வடிவத்திற்கு யூபிசிலேட் எனப் பெயரிடப்பட்டதையும் இங்குச் சுட்டலாம். தொடக்கப்பள்ளிச் சிலேட்டின் நினைவைத் தாங்கிய அப்பெயர், கல்விக்கென வந்த கருவிக்கு ஆகாயத்தைவிடப் பொருத்தமாகவே இருந்தது.

35 டாலர் என்னும் எண்

புது தில்லியில் நடைபெற்ற விழாவில் அப்போதைய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் கபில் சிபல் ஆகாஷை வெளியிட்டார். கருவியை வழங்கியது டேட்டாவிண்ட் நிறுவனம். திட்டத்தின் பொறுப்பு ஐ.ஐ.டி. ராஜஸ்தானிடம் இருந்தது. விழாவிலேயே 500 மாணவர்களுக்குக் கருவிகள் அளிக்கப்பட்டன. செய்தி உலகெங்கும் பரவியது; பரவிய இடமெல்லாம் அது ‘35 டாலர் கைக்கணினி’ என்றே அறியப்பட்டது.

ஆனால் அந்த 35 டாலர், கருவியின் அடக்கவிலையும் அன்று, கொள்முதல் விலையும் அன்று. அரசு ஒரு கருவிக்கு ஏறத்தாழ 50 டாலர், அதாவது சுமார் 2,250 ரூபாய் கொடுத்தது. மானியத்தைக் கழித்து மாணவரிடம் பெற எண்ணிய தொகையே 35 டாலர். கருவியின் விலையிலிருந்து அந்த எண் பிறக்கவில்லை; முன்னரே பிறந்துவிட்ட எண்ணுக்கு ஏற்ப விலை அமைத்துக்கொள்ளப்பட்டது.

அவ்வெண்ணின் பிறப்பை அறியச் சில ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். நிக்கோலஸ் நெக்ரோபோன்ட்டி 2005-இல் உலகக் குழந்தைகளுக்கென ‘100 டாலர் மடிக்கணினி’ என்ற கருத்தை முன்வைத்தார். 2006-இல் இந்தியக் கல்வித்துறை அத்திட்டத்தில் சேர மறுத்தது. மறுத்த நாடு தானே அதனினும் மலிவாக ஒன்றைச் செய்துகாட்ட வேண்டும் என்ற உந்துதல் இதன்பின் தோன்றியது. 2009 பிப்ரவரியில் திருப்பதியில் ‘10 டாலர் மடிக்கணினி’ வெளியிடப்படும் என்ற எதிர்பார்ப்பு உலக ஊடகங்களை எட்டியது; அங்குக் காட்டப்பட்டதோ மடிக்கணினி அன்று, தரவுகளைச் சேமிக்கும் சிறு கருவி. 2010 ஜூலை 22 அன்று கபில் சிபல் ஒரு கைக்கணினியின் முன்மாதிரியைக் காட்டி அதன் விலை 1,500 ரூபாய், அதாவது 35 டாலர் என்றார். அது காலப்போக்கில் 20 டாலராகவும் 10 டாலராகவும் குறையும் என்ற நம்பிக்கையும் அப்போது தெரிவிக்கப்பட்டது.

இந்திய மாணவருக்காக, இந்திய அரசு, இந்தியப் பணத்தில் வாங்கும் கருவியின் விலை ஏன் டாலரில் சொல்லப்பட்டது? ரூபாயில் கட்டணம் செலுத்தும் மாணவருக்கு டாலர்க் கணக்கால் பயனில்லை. 100 டாலர் என்ற அறைகூவலுக்கு விடையாக வந்தமையால் இவ்வெண் டாலரில் அமைந்தது. அதன் முதல் செவி உலக ஊடகமே. இந்தியாவிற்குள் எழுந்த பெருமிதத்திலும் இதன் சாயல் உண்டு. உலகம் வியந்தது என்ற செய்தியே உள்நாட்டில் வியப்புக்குரிய செய்தியாயிற்று.

காலமும் ஒரு வகையில் இதற்குத் துணைநின்றது. ஆகாஷ் வெளியான மறுநாள், இந்திய நேரப்படி அக்டோபர் 6 அதிகாலை, ஸ்டீவ் ஜாப்ஸ் காலமானார். ஐபேடும் ஆகாஷும் ஒரே நாளின் செய்திகளில் அருகருகே வந்து நின்றன. இந்தியச் சந்தையில் அவ்வாண்டு ஜனவரியில் 27,900 ரூபாய்க்கு அறிமுகமான ஐபேடுடன் பத்தில் ஒரு பங்கு விலையும் இல்லாத கருவியை ஒப்பிடுவது நியாயமா என்று கேட்டவர்கள் இருந்தனர். ஆயினும் அவ்வொப்பீட்டை அழைத்ததே ‘உலகின் மிக மலிவான கைக்கணினி’ என்ற அறிவிப்புதான். அத்தொடரைக் கேட்டவர் மனத்தில் தங்கியது ‘மலிவு’ மட்டுமன்று, ‘கைக்கணினி’யும்தான், அன்றைய நிலையில் கைக்கணினி என்றால் பலருக்கும் நினைவில் எழுந்தது ஐபேடே.

விரலும் திரையும்

கருவியைக் கையில் பெற்றவர்களின் குறைகளுள் முதலிடம் பெற்றது திரை. இக்குறை எங்கிருந்து வந்தது என்பதை விளங்கிக்கொண்டால் எதிர்வினையின் இயல்பும் விளங்கும்.

ஆகாஷின் 7 அங்குலத் திரை அழுத்தத்தால் இயங்குவது. மெல்லிய இரு படலங்கள் நூலிழை இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். விரலோ குச்சியோ அழுத்தும்போது மேற்படலம் கீழ்ப்படலத்தைத் தொடும். அவ்விடத்தைக் கருவி கணித்துக்கொள்ளும். ஐபேடின் திரை வேறு வகையினது. விரல் கண்ணாடியை அணுகும்போது அங்குள்ள மின்புலத்தில் ஏற்படும் மாற்றத்தை அது உணர்கிறது. அழுத்த வேண்டியதில்லை, வருடினால் போதும். முன்னது மலிவு, எப்பொருளாலும் இயக்கலாம். பின்னது விலை மிகுந்தது, ஆனால் விரலுக்கு இணக்கமானது.

2011-இல் நகர்ப்புறப் பயனர் பலர் பின்னதற்குப் பழகியிருந்தனர். அவர்கள் ஆகாஷின் திரையை வருடினர், அது அசையவில்லை. 366 மெகாஹெர்ட்ஸ் செயலியும் 256 மெகாபைட் நினைவகமும் இயல்பாகவே தாமதம் தருபவை. திரையின் பிடிவாதமும் செயலியின் மந்தமும் சேர்ந்து, கருவி கெட்டுப்போயிற்றோ என்னும் ஐயத்தை எழுப்பின. எந்தக் கைக்கணினியையும் முன்பு தொட்டறியாத மாணவரிடமும் இதே எதிர்வினை எழுந்திருக்குமா என்பது வேறு கேள்வி. வெளியீட்டு விழாவில் கருவியைப் பெற்ற மாணவர்களின் கருத்துகள் செய்திகளில் ஓரிரு வரி மேற்கோள்களாக இடம்பெற்றன. தீர்ப்பு எழுதியவர்கள் தொழில்நுட்ப மதிப்புரையாளர்களே.

மதிப்புரையாளர்கள் சொன்னவை பொய்யல்ல. 2,100 மில்லியாம்பியர்-மணி மின்கலம் ஒரு கல்லூரி நாளைத் தாங்காது. ஆண்ட்ராய்டின் செயலிச் சந்தை அதில் இல்லை. இவற்றினும் முதன்மையான குறை ஒன்று உண்டு. அது பேசப்பட்ட அளவு குறைவு. முதல் ஆகாஷ் இணையத்தோடு வைஃபை வழியாக மட்டுமே இணையக்கூடியது. வைஃபை இல்லாத கல்லூரியில், வைஃபை இல்லாத வீட்டில், 2 ஜிகாபைட் சேமிப்பில் அடங்கியவை மட்டுமே அம்மாணவரின் நூலகம். ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து உருவாக்கிய என்.பி.டெல். காணொளிப் பாடங்கள் போன்றவற்றை மாணவரிடம் சேர்ப்பதுதான் கருவியின் நோக்கமெனில், முதலில் கேட்கப்பட வேண்டியது வழியைப் பற்றிய கேள்வி. திரையின் மென்மை அதற்குப் பிற்பட்டதே.

முன்பதிவு என்னும் எதிர்வினை

குறைகள் வெளிவந்த பின்னரும் ஆர்வம் தணியவில்லை. 2011 டிசம்பரில் ஆகாஷ் 2,500 ரூபாய்க்கு இணையவழி விற்பனைக்கு வந்தது. விரைவில் அது தீர்ந்துபோக, 2,999 ரூபாய் விலையில் மேம்பட்ட யூபிசிலேட்டுக்கு முன்பதிவு தொடங்கியது. இரண்டு வாரங்களில் 14 லட்சம் பதிவுகள் வந்ததாக நிறுவனம் அறிவித்தது. அரசின் முதல் கொள்முதலே 1 லட்சம் கருவிகள்தாம் என்பதோடு இதனை ஒப்பிட வேண்டும்.

இந்த 14 லட்சத்தை எவ்வாறு பொருள்கொள்வது? பொருள் கைக்கு வந்தபின் பணம் கொடுக்கும் வசதி இருந்தமையால் பதிவு செய்வதில் இழப்பு ஏதுமில்லை. எனவே இதனை விற்பனைக் கணக்காகக் கொள்வது பிழையாகும். இது ஒருவகை விருப்ப அறிவிப்பு. கைக்கணினி தமக்கு எட்டாத பொருள் என்றிருந்தோர், எட்டக்கூடும் என்று கேள்வியுற்றவுடன் கையை நீட்டிய செயல் அது. ஐபேடை நகைத்தோர் கேட்டது ‘இது எதற்கு?’ என்று. ஆகாஷைப் பதிவு செய்தோர் அக்கேள்வியைக் கேட்கவேயில்லை, ‘எனக்கும் கிடைக்குமா?’ என்பதே அவர்கள் கேள்வி. மலிவுக்கு மயங்கிய கூட்டம் என்று இவர்களை எளிதில் ஒதுக்கிவிடும் போக்கு அன்றைய எழுத்துகளில் காணப்படுவது வருந்தத்தக்கது.

அரசு மாணவருக்கெனத் திட்டமிட்டது. எதிர்வினை பொதுச்சந்தையிலிருந்து வந்தது. இரண்டு தேவைகளையும் ஒரே நிறுவனத்தின் உற்பத்தி நிறைவுசெய்ய வேண்டியதாயிற்று. பதிவு செய்த பலர் மாதக்கணக்கில் காத்திருந்தனர். நீட்டிய கை வெறுமையாகத் திரும்பியபோது எழுந்த சினம், முன்பு எழுந்த வரவேற்பைப் போலவே பெரிதாக இருந்தது.

விலையுள்ளதும் விலையில்லாததும்

ஆகாஷ் வெளியாவதற்கு மூன்று வாரங்களுக்கு முன், 2011 செப்டம்பர் 15 அன்று, தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. அரசு அதனை ‘இலவச மடிக்கணினி’ என்று கூறாமல் ‘விலையில்லா மடிக்கணினி’ என்றே குறித்தது. ‘இலவசம்’ என்ற சொல்லில் ஏறியிருந்த இழிவைத் தவிர்க்கும் முயற்சியாக இச்சொல்லாட்சியைக் கருதலாம்.

இரு திட்டங்களையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒரு முரண் புலப்படும். ஒன்றின் பெயர் விலையை மறுத்தது; மற்றொன்றுக்கு விலையே பெயராயிற்று. தமிழ்நாட்டில் எழுந்த விவாதம், இவ்வாறு கொடுப்பது முறையா, இது வாக்குக்கான விலையா என்ற வகையில் அமைந்தது. விசைப்பலகையும் வழக்கமான இயங்குதளமும் கொண்ட அந்த மடிக்கணினி என்ன செய்யும் என்பதில் எவருக்கும் குழப்பமில்லை. ஆகாஷிலோ கொடுப்பதன் முறைமை பற்றிய கேள்வி எழவில்லை. இந்த விலைக்கு இது தகுமா என்ற கேள்வியே எழுந்தது. முதலாவதில் பெறுபவர் பயனாளி, இரண்டாவதில் நுகர்வோர். நுகர்வோராகக் கருதப்பட்ட மாணவருக்குப் பண்டத்தின் குறைகளைச் சொல்ல இடமிருந்தது; கற்பவராகத் தமக்கு என்ன வேண்டும் என்று சொல்ல இடமில்லாது போயிற்று.

யாருடைய கருவி

2012-இல் திட்டத்தின் பொறுப்பு ஐ.ஐ.டி. ராஜஸ்தானிடமிருந்து ஐ.ஐ.டி. பம்பாய்க்கு மாறியது. கருவி எத்தகைய சோதனைகளைத் தாங்க வேண்டும் என்பதில் முன்னதற்கும் டேட்டாவிண்டுக்கும் உடன்பாடு ஏற்படவில்லை. 2012 நவம்பர் 11 அன்று குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி ஆகாஷ் 2-ஐ வெளியிட்டார். செயலியின் வேகம் 1 ஜிகாஹெர்ட்ஸாகவும் நினைவகம் 512 மெகாபைட்டாகவும் உயர்ந்திருந்தன; வருடினால் இயங்கும் திரையும் வந்தது. முதல் எதிர்வினையில் சுட்டப்பட்ட குறைகளுள் பல களையப்பட்டுவிட்டன. எனில், இரண்டாம் எதிர்வினை கருவியின் மேம்பாட்டைப் பற்றியதாக இருந்திருக்க வேண்டும்.

அவ்வாறு நிகழவில்லை. கருவிகள் சீனாவில் செய்யப்பட்டவை என்ற செய்தி அம்மாதமே வெளிவந்து பேச்சு முழுவதையும் பற்றிக்கொண்டது. உறுப்புகள் சீனாவிலிருந்து வந்தவை என்பதை நிறுவனம் மறுக்கவில்லை. இறுதிக்கட்ட வேலைகள் இந்தியாவில் நடந்தவை என்றது. உலகின் கைக்கணினிகளில் பெரும்பாலானவை, ஐபேட் உட்பட, சீனாவில் இணைக்கப்பட்டவையாக இருக்க, ஆகாஷுக்கு மட்டும் அது குற்றமாயிற்று. 35 டாலர் என்ற எண்ணோடு நாட்டின் பெருமையும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்ததே இதற்குக் காரணம். கட்டியவர்கள் அமைச்சகத்தாரும் ஊடகத்தாரும். அவிழ்ந்தபோது பழி கருவியின் மேல் விழுந்தது.

2013-இல் அடுத்த அமைச்சர் பல்லம் ராஜு, வன்பொருளின் மீதே கருத்தைக் குவிக்க வேண்டியதில்லை என்ற பொருளில் பேசினார். கருத்தளவில் அது சரியானது. ஆனால் அதன் பின் திட்டமே மெல்ல மங்கியது.

இதே காலத்தில் ஐ.ஐ.டி. பம்பாயில் வேறொரு பணி நடந்துகொண்டிருந்தது. பொறியியல் மாணவர்க்குப் பயன்படும் கட்டற்ற கணித மென்பொருளான சைலேப் ஆகாஷில் இயங்குமாறு செய்யப்பட்டது. வகுப்பில் ஆசிரியர் கேட்கும் வினாவுக்கு மாணவர் அனைவரும் தத்தம் கருவியிலிருந்து ஒரே வேளையில் விடையளிக்க ‘கிளிக்கர்’ என்னும் செயலி உருவாக்கப்பட்டது. கடைசி இருக்கையில் வாய் திறவாது அமர்ந்திருக்கும் மாணவரின் விடையும் அதன்வழி ஆசிரியரின் திரைக்கு வந்து சேரும். அச்செயலிக்கு விலை ஏதும் இல்லை. தலைப்புச் செய்தியும் இல்லை.