சாகாத வாத்து

மாத்தளையில் கண்டலமக் குளத்தையும் போவத்தென்ன நீர்த்தேக்கத்தையும் ஒட்டிய கிராமங்களில் விடியற்காலையில் இந்தக் காட்சி அதிசயமில்லை. வீட்டுக்காரர் ஊர்க்கோழிகளுக்குக் குறுணல் தூவிவிட்டு உள்ளே போவார். வேலிக்கு அப்பாலுள்ள பற்றைக்குள்ளிருந்து ஒரு காட்டுச் சேவல் தலை நீட்டும். செம்மஞ்சள் உடம்பு, ஊதா மினுங்கும் இறக்கை, சிவந்த கொண்டையின் நடுவே மஞ்சள் திட்டு. நாலு எட்டு வைத்து வந்து கொத்தும். கோழிகள் குடிக்கும் அதே சட்டியில் தண்ணீரும் குடித்துவிட்டுப் போகும். சிங்களத்தில் வலி குக்குளா என்பது இதைத்தான். இலங்கையின் தேசியப் பறவை. உலகில் வேறெங்கும் இது இல்லை.

என் பயம் அந்தத் தண்ணீர்ச் சட்டியைப் பற்றியது.

பறவைக் காய்ச்சல் என்றதும் செத்து விழும் பறவைகள்தான் நம் மனதில் வருகின்றன. ஆனால் இந்த வைரஸை ஊர் ஊராகக் கொண்டுபோவதில் பெரும்பங்கு சாகாத பறவையினுடையது. ஏ வகை இன்ஃப்ளுவென்சா வைரஸ்களுக்கு இயற்கையான இருப்பிடம் காட்டு வாத்துகளின் குடல். எச்சத்தோடு வைரஸ் நீரில் கலக்கிறது. குளிர்ந்த நீரில் அது வாரக்கணக்கில் தாங்கும். வெயிலில் சீக்கிரம் அழியும். வலசை வாத்துகள் இங்கே தங்குவதோ ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை, வெயில் தணிந்து குளங்கள் நிரம்பும் மாரிகாலத்தை உள்ளடக்கிய மாதங்களில்.

வாத்து பிழைக்க, கோழி ஏன் சாகிறது? ஒரு புரதத்தின் வடிவத்தில் அதற்குப் பெரியதொரு விடை இருக்கிறது. ரிக்-ஐ என்பது அதன் பெயர். வைரஸ் ஒரு கலத்துக்குள் புகுந்து தன் ஆர்.என்.ஏ. இழையைப் பெருக்கும்போது அந்த இழையின் நுனியில் மூன்று பொஸ்பேற்றுகள் ஒட்டியிருக்கும். நம் கலத்தின் சொந்த இழைகளில் அந்த நுனி மூடப்பட்டோ மாற்றப்பட்டோ இருக்கும். ரிக்-ஐ அந்த வேற்று நுனியைக் கண்டதும் வளையம்போல் இழையைச் சுற்றிக் கவ்வுகிறது. கவ்விய கணத்தில், அதுவரை மடங்கிக் கிடந்த அதன் இரண்டு பகுதிகள் விடுபட்டு நீள்கின்றன. அங்கிருந்து கிளம்பும் செய்தி இன்டர்பெரோனைச் சுரக்கவைக்கிறது. பக்கத்துக் கலங்கள் கதவை அடைத்துக்கொள்கின்றன. தொற்றிய முதல் ஓரிரு நாளுக்குள் இது நடந்தாக வேண்டும்.

வாத்துக்கு ரிக்-ஐ உண்டு, கோழிக்கு இல்லை. 2010இல் கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் கத்தரின் மேகரின் குழு இதைக் காட்டியது. வாத்தின் ரிக்-ஐ மரபணுவைக் கோழிக் கலங்களுக்குள் செலுத்தியபோது, அவை வைரஸை உணர்ந்தன. வைரஸின் பெருக்கமும் குறைந்தது. கோழிக்கு வேறு உணரிகள் இருக்கின்றன, எம்.டி.ஏ.5 அவற்றில் ஒன்று. தீவிரமான எச்5என்1 வைரஸுக்கு முன்னால் அவை போதவில்லை. ஒரு கூட்டில் புகுந்தால் 48 மணி நேரத்துக்குள் கிட்டத்தட்ட எல்லாக் கோழிகளும் செத்துப்போகலாம். நம் காட்டுக்கோழியும் ஊர்க்கோழியும் ஒரே பேரினம், காலஸ். ஊர்க்கோழியிடம் இல்லாத காவல் காட்டுக்கோழியிடம் இருக்கும் என்று நம்பிக் கைகட்டி இருக்க முடியாது.

இன்னொரு புரதத்தையும் பார்க்க வேண்டும். எம்.எச்.சி. முதல் வகுப்புப் புரதம் கலத்தின் மேற்பரப்பில் ஒரு சிறு வாய்க்கால் போல நிற்கும். எட்டு இழைகள் சேர்ந்த தட்டு அதன் தரை, இரண்டு சுருள்கள் அதன் கரைகள். கலத்துக்குள் உடைந்த வைரஸ் துண்டொன்று அந்த வாய்க்காலில் பொருந்தி உட்கார்ந்தால், கொல்லும் ரி-கலங்கள் அதைப் பார்த்துக் கலத்தை அழிக்கும். பொருந்தாவிட்டால் வைரஸ் கண்ணில் படாது. மனிதருக்கு இப்படிப்பட்ட வாய்க்கால்கள் ஆறு வடிவம் வரை இருக்கலாம். கோழியின் இந்த மரபணுப் பகுதி மிகச் சுருக்கமானது என்பதை ஜிம் கோஃப்மனும் உடன் ஆய்வாளர்களும் 1999இல் வெளியிட்டார்கள்: டி.என்.ஏ.வின் 92,000 கார இணைகளுக்குள் 19 மரபணுக்கள். அதிலும் முதல் வகுப்பு மரபணு ஒன்றே மேலோங்கி வேலை செய்கிறது. மாரெக் என்ற கோழி நோய் வந்தால், இந்தப் பகுதியின் பி21 வகையைக் கொண்ட கோழி பெரும்பாலும் பிழைக்கும், பி19 வகையைக் கொண்டது பெரும்பாலும் சாகும். வாய்க்காலின் வடிவத்தில் அவ்வளவு இருக்கிறது. ஆகவே கோழியினம் தப்புவதற்கு, தனித்தனிப் பறவைகளிடம் வெவ்வேறு வடிவங்கள் பரவி இருப்பது அவசியம். கூட்டம் சுருங்கினால் அந்த வடிவங்கள் ஒவ்வொன்றாகத் தொலையும், திரும்பி வராது.

வேறு இடங்களில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். 2005இல் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் 6,000க்கும் மேற்பட்ட காட்டுப் பறவைகள் இறந்தன. இந்தியாவில் 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் கோழிப் பண்ணைகளில் முதன்முதலாக எச்5என்1 கண்டறியப்பட்டது. 2020 டிசம்பரிலும் அடுத்த மாதத்திலும் இமாச்சலப் பிரதேசத்தின் பொங் அணையில் வரித்தலை வாத்துகள் ஆயிரக்கணக்கில் செத்தன; 2021 ஜனவரியில் நம் அயலான கேரளத்தில், ஆலப்புழையிலும் கோட்டயத்திலும், பண்ணை வாத்துகளை அழிக்க நேர்ந்தது. வாத்தினத்தையும் கொல்லும் வகைகள் இப்போது சுற்றுகின்றன என்பதையும் இதில் பார்க்கிறோம். என்னை அதிகம் உலுக்கியது கலிபோர்னியக் கழுகின் கதை. 1982இல் 22 பறவைகளாகச் சுருங்கி, பல பத்தாண்டு உழைப்பால் மீண்ட இனம் அது. 2023இல் அரிசோனாப் பக்கத்துக் கூட்டத்தில் 21 பறவைகள் சில வாரங்களில் இறந்தன. அதன்பின்தான் தடுப்பூசி போட்டார்கள்.

மாத்தளையில் காட்டுக்கு எல்லைச் சுவர் கிடையாது. வஸ்கமுவ, நக்கிள்ஸ், சீகிரிய எங்கும் காட்டோரமும் வீட்டோரமும் ஒன்றுதான். ரத்தோட்டைத் தேயிலைத் தோட்டத்து லயங்களிலும் கோழிகள் பகல் முழுக்க மேய்ந்துவிட்டு மாலையில்தான் திரும்புகின்றன. இந்தக் கோழிகள்தான் ஏழைக் குடும்பத்தின் முட்டையும் கைச்செலவும். கோழி வளர்க்காதே என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் செத்த கோழியைப் பற்றைக்குள் வீசுவதை இன்றே நிறுத்தலாம். நாயும் உடும்பும் பருந்தும் அதை எங்கெங்கோ இழுத்துப்போகும். வெறுங்கையால் தொடாமல் ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். இரண்டு மூன்று கோழிகள் அடுத்தடுத்துச் செத்தாலோ, காட்டுப் பறவைகள் செத்துக் கிடந்தாலோ, புதைப்பதற்கு முன் அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். வெள்ளைக் கழிச்சலா வேறொன்றா என்பதைக் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, ஆய்வுகூடத்தில்தான் தெரியும். தீனியையும் தண்ணீரையும் கூட்டுக்குள் வையுங்கள். குளத்து நீரைக் கோழிக்கு ஊற்றாதீர்கள். சாகும் தறுவாயிலுள்ள கோழியை அவசரமாக அறுத்துக் கறியாக்க வேண்டாம்: 2003 முதல் உலகில் எச்5என்1 தொற்றியதாகப் பதிவான மனிதரில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்திருக்கிறார்கள்.

ஊர்க்கோழி ஒரே ஈட்டில் பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு முட்டை இடும்; கூடு காலியானாலும் சந்தையில் குஞ்சு வாங்கலாம். காட்டுப்பேடு இடுவது இரண்டு முதல் நான்கு முட்டை. காய்ந்த சருகுக்குள், பெரும்பாலும் தரையிலேயே, தனியாக அடைகாக்கிறது.